பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களிடமிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாநகராட்சி ஆணையர், பூங்காப் பிரிவுப் பொறியாளர்கள், பூங்காப் பராமரிப்பை ஏற்றிருக்கும் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகள்.

ஐயா, அம்மையீர்,

சீரமைத்துத் திறக்கப்பட்ட பூங்காவின் வாசலில் புதுப் பலகை நிற்கிறது. "12 வயதுக்கு மேற்பட்டோர் விளையாட்டுச் சாதனங்களைப் பயன்படுத்தக் கூடாது. கூட்டமாக அமர்ந்து விளையாடக் கூடாது. கூச்சலிடக் கூடாது. மீறினால் அபராதம்." வேப்பமரத்தடியில் ஆடுபுலிக் கட்டம் வெட்டிய கருங்கல் கிடந்த இடத்தில் இப்போது பேவர் பிளாக். பெரியவர்களுக்கென்று ஒரு நடைபாதையும் எட்டு உடற்பயிற்சிக் கருவிகளும் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

ஆக, பெரியவர் நடக்கலாம். கை கால் நீட்டி மடக்கலாம். சர்க்கரை குறைய, தொப்பை கரைய என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு காரணமும் இல்லாமல் கெக்கே பிக்கே என்று சிரித்து விளையாட மட்டும் கூடாது. எங்களால் ஏற்க முடியாதது இதுதான்.

பெரியவர்களுக்கு மரத்தடியில் விளையாட்டு நடத்துகிறவர்கள் நாங்கள். எங்களில் வெல்டிங் பட்டறைக்காரர் உண்டு, தச்சர் உண்டு, உடற்கல்வி ஆசிரியர் உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் நிறையவே உண்டு. அதனால் உணர்ச்சிவசப்பட்டு எழுதாமல், எது உடையும், எது உடையாது, எதற்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கோடு எழுதுகிறோம்.

உங்கள் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். குழந்தைகளின் ஊஞ்சலில் பெரியவர் ஏறக் கூடாது என்பது சரியான விதி. தரையிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கும் பிளாஸ்டிக் இருக்கையில் 80 கிலோ ஆள் உட்கார்ந்தால் முழங்கால் மூக்கைத் தொடும். பக்கத்தில் முறைக்குக் காத்து நிற்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்கவும் முடியாது. அந்த ஊஞ்சலை நாங்கள் கேட்கவில்லை. பெரியவர் பாரம் தாங்கும் ஊஞ்சல் ஒன்றாவது அந்தப் பக்கம் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. அப்படி ஒன்றும் வைக்காமல் தடை மட்டும் எழுதி வைத்தால், "நீ இங்கே வராதே" என்றுதான் நாங்கள் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"பாரம் தாங்காது, அறுந்து விழுந்தால் யார் பொறுப்பு?" என்பது பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். சரி, பாரத்தைப் பார்ப்போம். 80 கிலோ ஆள் ஊஞ்சலில் சும்மா உட்கார்ந்திருந்தால் சங்கிலிகளில் விழுவது 80 கிலோதான். செங்குத்திலிருந்து 60 பாகை வரை வீசி ஆடினால், கீழ்ப்புள்ளியைக் கடக்கும் நொடியில் அது 160 கிலோ. சங்கிலி தரைக்குக் கிடையாக வரும் அளவுக்கு, 90 பாகை, ஆடினால் 240 கிலோ. அதாவது மூன்று மடங்கு. ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சல், இரண்டிலும் 90 கிலோ ஆட்கள், இருவரும் கிடை மட்டம் வரை ஆடி ஒரே நொடியில் கீழே கடக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 540 கிலோ. பாதுகாப்புக்கு இன்னொரு மடங்கு சேர்த்தால் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். 3 மீட்டர் நீளத்துக்கு 4 அங்குல கனரக ஜி.ஐ. குழாய் போட்டால் இந்தப் பாரத்தைத் தாங்கும். உங்கள் பொறியாளரே போட்டுப் பார்க்கட்டும். இது ராக்கெட் விடுகிற வேலை இல்லை. ஊரில் எந்த வெல்டிங் பட்டறையும் செய்யும்.

குழாய்க்கு முன்னால் தோற்பது கொக்கி. வாய் மூடாத எஸ் கொக்கியைத்தான் எல்லா ஒப்பந்ததாரரும் மாட்டுகிறார்கள், விலை குறைவு என்பதால். ஒவ்வொரு வீச்சிலும் அது மயிரிழை மயிரிழையாகத் திறந்துகொண்டே போகும். அதற்குப் பதிலாக, வாயைத் திருகாணியால் மூடும் வளையமான டி ஷாக்கிள் போட்டு, அதன் திருகாணி கழலாமல் கம்பி கட்ட வேண்டும். அடுத்து தோற்பது சங்கிலியின் மேல் கண்ணி. இரும்போடு இரும்பு உரசும் இடம் அதுதான். 8 மில்லிமீட்டர் கால்வனைஸ் செய்த குட்டைக் கண்ணிச் சங்கிலி போதும். ஆனால் மாதம் ஒருமுறை ஏணி வைத்து ஏறி மேல் கண்ணியைப் பார்க்க வேண்டும். கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் பேச்சே வேண்டாம், மாற்ற வேண்டும். ஊஞ்சல் கிரீச் என்று கத்தினால் எண்ணெய் விட்டு வாயை அடைத்துவிட்டுப் போகக் கூடாது. அந்தச் சத்தம்தான் ஏறிப் பார்க்கச் சொல்லும் முதல் எச்சரிக்கை.

கை சிக்காமலும் வெயிலில் சுடாமலும் இருக்கச் சங்கிலியின் மேல் ரப்பர் குழாய் மாட்டுவது நல்ல யோசனை. ஆனால் குழாய்க்குள் மழைநீர் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் துரு தின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவிப் பார்க்க ஆள் இல்லையென்றால் குழாய் மாட்டாமல் இருப்பதே மேல்.

கால்களை நேராக நடக் கூடாது. ஆடும் திசையில் அகட்டி, ஆங்கில 'ஏ' எழுத்துப் போல் நிறுத்த வேண்டும். நேராக நட்ட கால் முன்னும் பின்னும் உலுக்கப்பட்டு, கான்கிரீட்டைச் சுற்றி மண் இளகி, இரண்டு மழைக்காலத்துக்குள் ஆடத் தொடங்கிவிடும். கான்கிரீட்டின் தலை மணலுக்குக் கீழே ஒரு சாணாவது புதைந்திருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் விழுகிறவர் மண்டைக்கு அதுதான் எமன். மணல் 30 சென்டிமீட்டர் ஆழம். எம்-சாண்ட் கொட்டினால் அதிலுள்ள தூசி மழையில் இறுகி, ஒரே மாதத்தில் தளம் போட்டதுபோல் ஆகிவிடும். தூசி சலித்த மணல் வேண்டும், அதையும் மாதம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும். இருக்கைக்கு நேர்கீழே கால் உரசிக் குழி விழும் இடத்தில் மணல் சேர்க்கும் வேலையைத் தோட்டப் பணியாளரின் அட்டவணையில் எழுதினால்தான் நடக்கும்.

இருக்கை விஷயத்தில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கன்வேயர் பெல்ட் ரப்பரில் செய்த இருக்கை வளைந்து கொடுக்கும், குறுக்கே ஓடி வருகிறவர் மேல் இடித்தாலும் பலகை அளவுக்குக் காயம் ஆகாது. ஆனால் அது தொடையை இறுக்கும், வயதானவருக்கு அதிலிருந்து எழுந்திருப்பது சிரமம். 50 சென்டிமீட்டர் உயரத்தில், முதுகுச் சாய்மானத்தோடு, விளிம்பில் ரப்பர் ஒட்டிய பலகை அவர்களுக்கு உகந்தது. ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சல் என்றால் ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்று வையுங்கள், பிரச்சினை தீர்ந்தது. முன்னும் பின்னும் யாரும் நடக்காதபடி இடுப்பு உயரக் கம்பி வேலி, பக்கவாட்டில் மட்டும் வழி. ஊஞ்சல் விபத்து என்றாலே விழுகிறவரைத்தான் நினைக்கிறோம். குறுக்கே வந்து அடிபடுகிறவரை மறந்துவிடுகிறோம்.

சறுக்குமரம், சீசா பற்றிச் சொல்ல அதிகமில்லை. நம் ஊர் வெயிலில் எஃகுச் சறுக்குமரம் பகலெல்லாம் தோசைக்கல். அதை நாங்கள் கேட்கவும் இல்லை.

இனி அந்தக் கருங்கல்லுக்கு வருகிறோம். எத்தனையோ கோயில்களின் கல்தளத்தில் ஆடுபுலிக் கட்டம் வெட்டிக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வழிபோக்கரும் காவல்காரரும் நடைதிறக்கக் காத்திருந்தவரும் ஆடியது அது. முக்கோண உச்சியில் 1 புள்ளி, கீழே மூன்று வரிசையில் ஆறு ஆறாக 18, அடியில் 4, மொத்தம் 23 புள்ளி. 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும்; ஆடுகள் புலியை நகர விடாமல் அடைக்கும். ஆடு முழுவதும் இறங்கும்வரை இறங்கிய ஆடு நகரக் கூடாது; புலியோ முதலிலிருந்தே வெட்டலாம். புதிதாக ஆடுகிறவர் நடுவில் ஆட்டை வைத்துத் தொலைப்பார். புலி தாண்டுவதற்கு ஆட்டுக்குப் பின்னால் காலிப் புள்ளி வேண்டும். ஓரத்தில் இருக்கும் ஆட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அதனால் ஓரத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தால் பத்து வயதுப் பேத்தி தாத்தாவின் புலிகளைக் கட்டிப்போட்டுவிடுவாள். தாத்தா தோற்றுவிட்டுப் போடுகிற கூப்பாட்டைத்தான் உங்கள் பலகை "கூச்சல்" என்கிறது.

அந்தக் கல்லை எடுத்ததற்கு "பழையது, பார்வைக்கு ஒத்துவரவில்லை" என்ற காரணம் எங்களிடம் வாய்வார்த்தையாகச் சொல்லப்பட்டது. புதிதாகவே செய்யுங்கள், ஆனால் அளவு சரியாக இருக்கட்டும். கட்டம் பக்கத்துக்கு 45 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, கண்ணாடி போட்டவர்களும் ஆட வேண்டும் அல்லவா. கோட்டின் ஆழம் 5 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் அழுக்கு அடையும், குறைந்தால் ஓரிரு வருடத்தில் தேய்ந்துவிடும். மேசை உயரம் 70 சென்டிமீட்டர், இருக்கை 45, முழங்கால் நுழைய அடியில் வெற்றிடம். நிறையப் பூங்காக்களில் கான்கிரீட் மேசையை அடிவரை அடைத்துக் கட்டி, உட்காருகிறவரைப் பக்கவாட்டில் திரும்பி உட்கார வைத்திருக்கிறார்கள். அரைமணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். கருங்கல் மர நிழலில் இருந்தால்தான் மாலையில் தொட முடியும்.

பல்லாங்குழிக்கு மட்டும் கல் வேண்டாம். இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் கல்லில் குழி வெட்டிப் போட்டுவிட்டு "பாரம்பரியம்" என்று திறப்புவிழா நடத்துவது எளிது. 14 குழியிலும் மழைநீர் நிற்கும். ஒரு வாரம் தேங்கினால் போதும், டெங்கு கொசு அங்கேயே குடும்பம் நடத்தும். பிறகு அதே மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து சிமெண்ட் வைத்துக் குழியை அடைப்பார். மரப் பலகை நான்கு செய்து காவலர் அறையில் ஒரு பெட்டியில் வையுங்கள். குழி 6, 7 சென்டிமீட்டர் அகலம், அரைக்கோள வடிவம். அடி தட்டையாக இருந்தால் பெரியவர் விரலால் வழித்து எடுக்க முடியாது. குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. 100 ஆகவே போட்டுவையுங்கள், தொலையும், வண்டு துளைக்கும். அழகாக இருக்கிறதென்று குன்றிமணி வாங்கிவிடாதீர்கள். அது நஞ்சு, கூட வரும் குழந்தை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சாடியோ சோழியோ போதும்.

தாயத்துக்கு ஒரு வார்த்தை. இரண்டு பித்தளைத் தாயக்கட்டை, ஒவ்வொன்றிலும் 1, 2, 3, வெறுமை என நான்கு முகம். உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில், காயை உள்ளே இறக்கத் தேவையான தாயம், அதாவது ஒரு கட்டையில் 1, மற்றதில் வெறுமை, இரண்டே விதம், எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் வெளியே உட்கார்ந்திருப்பவர் மூன்றில் ஒருவர் இருப்பார் என்பது கணக்கு. பழகியவர்களுக்கு அந்தக் காத்திருப்பும் கேலியும்தான் ஆட்டத்தின் உயிர். புதிதாக வந்தவரோ அலுத்து எழுந்து போய்விடுவார். அதனால் மூன்று சுற்று காத்திருந்தவருக்கு ஒரு காயை இலவசமாக இறக்க விடுகிறோம். பித்தளை கல்லில் விழும் சத்தம் சங்கடம் என்றால் அடியில் ஒரு சாக்குத்துணி. இவ்வளவுதான் "கூச்சல்" பிரச்சினைக்குத் தீர்வு.

சூதாட்டம் என்ற சொல்லும் நலச்சங்கக் கூட்டத்தில் எழுந்திருக்கிறது. பந்தயம் வைத்தால்தான் சூது. காசு வைக்காத தாயத்தையும் ஆடுபுலியையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. "காசு வைத்து ஆடினால் காவல்துறைக்குத் தெரிவிக்கப்படும்" என்று எழுதுங்கள், முதல் ஆளாக நாங்களே கையெழுத்துப் போடுகிறோம். அதைச் சாக்காக வைத்து நான்கு பேர் வட்டமாக உட்காருவதையே தடுப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

இதற்கெல்லாம் பயன் என்ன என்று கேட்பீர்கள். பயன் கேட்காமல் ஆடுவதுதான் விளையாட்டு என்றாலும், கோப்பில் குறிப்பு எழுத உங்களுக்கு ஏதாவது வேண்டும். 1995 மார்ச் 13 அன்று மும்பையின் பூங்கா ஒன்றில் மருத்துவர் மதன் கட்டாரியாவின் முயற்சியில் ஐந்து பேர் கூடிச் சிரிப்பு மன்றம் தொடங்கினார்கள். முதலில் துணுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் நல்ல துணுக்குகள் தீர்ந்து, ஆளைப் புண்படுத்தும் துணுக்குகள் தலைகாட்டின. அதன்பிறகுதான் துணுக்கை விட்டுவிட்டு, காரணமே இல்லாமல் சிரிக்கும் பயிற்சிக்கு மாறினார்கள். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. தொடங்கியது ஒரு பொதுப்பூங்காவில் என்பதைக் கவனியுங்கள். அன்று அந்தப் பூங்கா வாசலில் உங்கள் பலகை இருந்திருந்தால் ஐந்து பேரும் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பர் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்களோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு அதன்பின் வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தின் ரெனே ப்ரோயர் குழு 2020-இல் 533 பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு நடைமுறைக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு வாரம், தினமும் தூங்கப்போகுமுன் அன்று செய்த மூன்று விளையாட்டுத்தனமான காரியங்களை எழுதுவது போன்ற சின்னப் பயிற்சிகள்தான். அதிலேயே விளையாட்டுத்தனமும் மனநலமும் ஓரளவு கூடின. விளையாட்டுத்தனம் பிறவிக் குணம், சிலருக்குத்தான் வரும் என்பவர்களுக்கு இது பதில். நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து 2003-இல் வெளியான ஆய்வு, பலகை ஆட்டம் ஆடுகிறவர்கள், நடனமாடுகிறவர்கள், இசைக்கருவி வாசிக்கிறவர்கள், படிக்கிறவர்கள் ஆகியோருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்ததைக் காட்டியது. ஆட்டம் ஆடியதால்தான் நோய் வரவில்லை என்று அது நிரூபித்துவிடவில்லை. மூளை நன்றாக இருப்பவர்களே ஆட வந்திருக்கவும் கூடும். அதை மறைத்து உங்களிடம் வாதாட எங்களுக்கு விருப்பமில்லை.

நடைபாதை கொடுத்தாகிவிட்டதே, அது போதாதா என்றால், போதாது. நடப்பவர் நேரே முன்னால்தான் போகிறார். பக்கவாட்டில் காலெடுத்து வைப்பதும், சட்டென்று நிற்பதும், ஒரு காலில் சமாளிப்பதும் நடையில் வருவதில்லை. கல்லா மண்ணா ஆடினால், அரை அடி உயரத் திண்டில் ஏறி இறங்குவதிலேயே அத்தனையும் வந்துவிடுகிறது. கணக்கு எண்ணிக்கொண்டு செய்தால் பத்தாவது முறையில் அலுக்கும். பிடிபடாமல் தப்பிக்க ஓடுகிறவர் எண்ணுவதில்லை. பேச்சுத்துணையும் அப்படித்தான். ஐந்து வருடம் எதிரெதிரே நடந்து தலையசைத்தவர்கள் ஒரே தாய ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் "ஏமாத்துக்காரன்" என்று திட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிடுவார்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. நலங்கு வைக்கையில் ஊரே கூடி நின்று மாப்பிள்ளை தலையில் அப்பளம் உடைக்கிறது, தேங்காய் உருட்டுகிறது, குடத்துக்குள் கைவிட்டு மோதிரம் தேடுகிறது. பொங்கலுக்கு நரைத்த மீசைக்காரர்கள் உறியடிக்கிறார்கள், வழுக்குமரத்தில் எண்ணெயோடு புரளுகிறார்கள். கோயிலில் சாமிக்கே ஊஞ்சல் உற்சவம். சாமி ஆடலாம், மணமக்கள் ஆடலாம். மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருநாள் ஆடலாம். மிச்ச 364 நாளுக்குத்தான் பலகை.

பெரியவர்களை ஆட வைப்பது குழந்தைகளை ஆட வைப்பதைவிடக் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். வெட்கம்தான் முதல் தடை. "வயசுக்கேத்த மாதிரி நடந்துக்கோ" என்று நாற்பது வருடம் கேட்ட காது. அதற்கென்று செய்முறை இருக்கிறது. எட்டுப் பேர் முதல் இருபது பேர் வரை போதும். அதற்கு மேல் இரண்டு வட்டம். 40 நிமிடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. யாரையும் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தக் கூடாது. அப்படி நிறுத்தியவர் அடுத்த வாரம் வரமாட்டார். ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்: கொட்டை எண்ணுவது, தாயம் எத்தனை விழுந்தது என்று உரக்கச் சொல்வது. பத்து நிமிடத்தில் அவரே உள்ளே வந்துவிடுவார். முதல் ஆட்டம் எல்லாரும் ஒரே நேரத்தில் உளறுவதாக இருக்க வேண்டும், அப்போது யாரும் யாரையும் கவனிக்க முடியாது. "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகுல ஒரு பிடி நரைமுடி" என்று எல்லாரையும் ஒன்றாகச் சொல்ல வைத்து, ஒவ்வொரு முறையும் வேகம் கூட்டினால் மூன்றாவது சுற்றில் அத்தனை நாக்கும் சுளுக்கிவிடும். நாக்குச் சுளுக்கியபின் கௌரவம் பார்க்க ஆள் மிஞ்சுவதில்லை.

பிறகு இருவர் இருவராகக் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்: ஒருவர் மணலுக்குள் குச்சியை ஒளிக்க, மற்றவர் அது இருக்கும் இடத்தைக் கைவைத்துச் சொல்ல வேண்டும். தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்காக ஒரு மீட்டர் நீளம், ஒரு சாண் அகலத் தட்டில் மணல் நிரப்பி மேசைமேல் வைக்கலாம். தோற்றவர் கைநிறைய மண்ணை ஏந்தி, வென்றவர் அவர் கண்ணைப் பொத்தி அழைத்துப் போகும் இடத்தில் கொட்டிவிட்டு வந்து, கண் திறந்தபின் அந்த இடத்தைத் தேடுவார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால் தான் கொட்டிய மண்ணைத் தேடும் காட்சிக்கு ஈடான மருந்து எதுவும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இல்லை. நின்றுகொண்டே ஆட "ஒரு குடம் தண்ணி ஊத்தி", "பூப்பறிக்க வருகிறோம்" இரண்டும் நல்லவை. இரண்டாவதில் இழுக்கும்போது தோள்மூட்டு ஜாக்கிரதை, கையைக் கோக்காமல் ஒரு துண்டைப் பிடித்து இழுக்கச் சொல்ல வேண்டும். நொண்டி ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வேண்டாம், அதுவும் பேவர் பிளாக் தரையில் கூடவே கூடாது.

கெடுப்பவை மூன்று. ஒன்று மைக்: பிடித்தவர் பேசிக்கொண்டே இருப்பார், ஆட்டம் நின்றுவிடும். இரண்டாவது பரிசு: ஒரு எவர்சில்வர் டம்ளருக்காகப் பங்காளிச் சண்டை வரும். மூன்றாவதுதான் பெரிய கேடு, கைபேசி. ஒருவர் படம் எடுக்கத் தொடங்கியதும் பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையைச் சரிசெய்துகொண்டு விலகிப் போவதைப் பார்க்கலாம். "இங்கே படம் எடுக்காதீர்கள்" என்று ஒரு பலகை எழுதியிருந்தால் உங்களை வாழ்த்தியிருப்போம்.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது நேரத்தையும் சொல்ல வேண்டும். காலை 10 மணிக்குப் பூட்டி மாலை 4 மணிக்குத் திறக்கிறீர்கள். வீட்டுவேலை செய்யும் பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைப்பது 11-இலிருந்து 3 வரை. அவர்களுக்குப் பூங்கா என்பது பூட்டிய கதவு மட்டும்தான்.

இனி எங்கள் கோரிக்கைகள். வாசல் பலகையை மாற்றி இப்படி எழுதுங்கள்: "குழந்தைகளின் சாதனங்களில் 12 வயதுக்கு மேற்பட்டோர் ஏற வேண்டாம். பெரியவர்களுக்கான ஊஞ்சல் அந்தப் பக்கம். காசு வைத்து ஆடக் கூடாது. ஆடுகிறவர்களைப் படம் எடுக்கக் கூடாது." கூட்டமாக அமரக் கூடாது, கூச்சலிடக் கூடாது என்ற இரண்டு வரிகளையும் நீக்குங்கள். இரவு 8 மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஒலிபெருக்கி எப்போதும் கூடாது என்று போட்டால் எங்களுக்குச் சம்மதம்.

மேலே சொன்ன அளவில் இரண்டு பெரியவர் ஊஞ்சல்கள் கொண்ட ஒரு சட்டத்துக்கு வரும் நிதிநிலை அறிக்கையில் இடம் ஒதுக்குங்கள். மாதாந்திரச் சோதனைத் தேதியும் சோதித்தவர் கையெழுத்தும் ஊஞ்சல் காலிலேயே ஒரு தகட்டில் இருக்கட்டும். வேப்பமரத்தடியில் ஆடுபுலிக்கு இரண்டு, தாயத்துக்கு இரண்டு என நான்கு கல்மேசைகள், காவலர் அறையில் நான்கு பல்லாங்குழிப் பலகைகள். பலகைகளைச் செய்துதரத் தச்சர் எங்களிடம் இருக்கிறார், மரத்துக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாளாவது பூங்கா பகலில் பூட்டாமல் இருக்கட்டும். சிரிப்புச் சத்தம் கேட்டதும் விசில் ஊதும்படி காவலருக்குச் சொல்லியிருந்தால் அந்த உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். பாவம், அவருக்கும் தாயம் ஆடத் தெரியும்.

இந்த மடல் கிடைத்த 30 நாளுக்குள் உங்கள் பூங்காப் பிரிவுப் பொறியாளர் ஒருவரையும் நலச்சங்கத்திலிருந்து ஒருவரையும் பூங்காவுக்கே அனுப்புங்கள். அலுவலகத்தில் பேச வேண்டாம். அளவுநாடாவோடு நாங்கள் மரத்தடியில் இருப்போம். எது முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்பதை எழுத்தில் தாருங்கள்.

கடைசியாக, கழற்றி எடுத்த அந்தக் கருங்கல். இரண்டடிக்கு இரண்டடி, நான்கு அங்குலக் கனம், ஏறக்குறைய 100 கிலோ. உடைத்து ஜல்லியாக்கியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம். எந்தக் கிடங்கில் கிடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். தூக்க நான்கு பேர் வேண்டும். நாங்கள் பதினொரு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
வேப்பமரத்தடி விளையாட்டுக் குழுவினர்